திறக்காத மூன்று பெட்டிகள்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து ஒரு மெயில் வந்தது. புதிதாக ஒரு வயர்லெஸ் வேலை தொடங்குகிறார்களாம். யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எழுதிப் பார்க்க எந்த ரவுட்டரை வாங்கலாம், எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டுமாம். "ஒரு பக்கம் போதுங்க சார்" என்று கடைசியில் ஒரு வரி. இருபத்திரண்டு வருஷம் செய்த வேலை, ஒரு பக்கம் போதுமாம். மரியாதையாகக் கேட்டிருக்கிறார்களே என்று உட்கார்ந்து எழுதினேன். சொல்லி வைத்தாற்போல ஒரு பக்கத்தில்தான் அடங்கியது. அதுதான் எனக்கு எரிச்சல். அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எழுத நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஜாதகம் என்று சொல்லிவைப்பேன், அதற்குமேல் யாரும் நோண்டமாட்டார்கள். சில நாள் காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர் போதுங்க" என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். தனியாக இருப்பது போகப்போகப் பழகிவிடும் என்கிறார்கள். பழகவில்லை. பொய் சொல்கிறார்கள்.

என் படிப்பெல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவோடு சரி. கணபதியில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் கொஞ்ச வருஷம், ஒரு நூல் மில்லில் கண்ட்ரோல் பேனல் பார்த்தது கொஞ்ச வருஷம். அதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: எதையும் திறந்து பார்க்காமல் பேசக்கூடாது. முப்பத்தெட்டு வயதில் ஜெகநாதன் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் மில் வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ். அண்ணன் தம்பிகளிடம் மில்லை விட்டுவிட்டு, கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். கடையில் விற்கும் சாதாரண ரவுட்டரை வாங்கி, அதனுள் இருக்கும் மென்பொருளை அழித்துவிட்டு, எங்கள் மென்பொருளைப் போட்டு, கேபிள் போகாத இடங்களுக்குக் கம்பத்துக்குக் கம்பம் இணைப்புக் கொடுப்பது எங்கள் தொழில். எந்த ரவுட்டரை வாங்குவது என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதைதான் ஏறும். "வேலுசாமி, வாங்க" என்றால் எல்லாம் சுகம். "வேலுசாமிங்க, சித்த இப்படி வந்து உக்காருங்களேனுங்க" என்றால் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போவேன். ஒருமுறை மேஜைமேல் வைத்த டீ டம்ளர் என் கைபட்டு ஒரு சாம்பிள் போர்டில் கொட்டிவிட்டது. "டீ நல்லா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப்பிறகு நான் மேஜையில் டீ வைத்ததே இல்லை.

வாங்குவதற்கு அவர் வைத்திருந்த முறை இதுதான். முதலில் சாம்பிள் ஒன்று வரும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் படிக்கவே கூடாது. பிளாஸ்டிக் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே எந்தக் கம்பெனி ரேடியோ சிப் இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சிப்பை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதன் மூல நிரலைச் சில கம்பெனிகள் எல்லாருக்கும் தரும், சில பூட்டி வைத்துக்கொள்ளும். பூட்டி வைத்தவன் சிப்பில் வேலை செய்வது, ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருப்பது போல. அடுத்து மெமரி. எங்கள் மென்பொருள் உட்கார்ந்து கைகாலை நீட்ட இடம் வேண்டும். அப்புறம் போர்டின் ஓரத்தில் வரிசையாக நாலு சின்ன ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். அதில் ஊசி ஊசியாகக் கம்பி வைத்துப் பற்றவைத்து, கம்ப்யூட்டரோடு இணைத்தால், ரவுட்டர் கண் விழிக்கும்போது என்னென்ன நினைக்கிறது என்று ஒவ்வொரு வரியாகத் திரையில் ஓடும். இருபத்திரண்டு வருஷத்தில் அதைப் பார்க்க எனக்குச் சலித்ததே இல்லை.

கடைசிச் சோதனைதான் முக்கியம். புது மென்பொருள் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கிவிட வேண்டும். ரவுட்டர் செத்துவிடும், விளக்குகூட எரியாது. அந்த நாலு ஓட்டை வழியாக அதை மறுபடி எழுப்ப வேண்டும். காலையில் சார் படியேறி வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கொன்னு பாத்தீங்களா?" இரண்டாவது, "எந்திரிச்சுதுங்களா?" எழுந்திருக்காத ரவுட்டரைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார். மென்பொருள் எழுதிப் பழகுகிறவன் கையில் அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சாகும், எழுப்ப வழியில்லாவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும் என்பார்.

இன்னொரு விதியும் உண்டு. சாம்பிள் தேறினால் மட்டும் போதாது. ரவுட்டர் செய்கிறவர்கள் வெளியே அதே பெயர், அதே அட்டை, அதே படம் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை யாருக்கும் சொல்லாமல் மாற்றிவிடுவார்கள். அதனால் சரக்கு மொத்தமாக வந்ததும், ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலிருந்தும் ஒரு ரவுட்டரைத் திறந்து பார்த்து, அதற்கென்று இருக்கும் தாளில் சிப் எண், மெமரி எண், சிப்பின்மேல் சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு உண்டா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட ஆபீசில் என் ஒருத்தனுக்குத்தான் உரிமை. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு நடுவில் டிப்ளமாக்காரனுக்கு இருந்த ஒரே கௌரவம் அது.

மெர்சி வந்து சேர்ந்தது நான் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோது. அவிநாசிக்கு வடக்கே ஒரு ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் இன்ஜினீயர் அவள்தான். டிரைவர் எழுதுவதில் அவளைப்போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. நான் ரவுட்டரைக் கொன்று வைப்பேன், அவள் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டே எந்த இடத்தில் உயிர் போனது என்று சொல்லிவிடுவாள். மத்தியானம் என் சோதனை அறையில்தான் சாப்பிடுவாள். மாடியில் சாப்பாட்டு அறை இருந்தது, அவளை அங்கே யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் யாரும் கூப்பிடவில்லை. அவள் கொண்டுவரும் கொள்ளுப் பருப்பில் பாதி எனக்கு. "ஏனுங்ணா, இன்னிக்கு எத்தன கொல?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவாள். என் வாழ்க்கையில் ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து நாள் தவறாமல் சாப்பிட்டது அந்த இரண்டு வருஷம்தான்.

அந்தச் சமயம் அவிநாசிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு அறக்கட்டளைக்கு இணைப்புக் கொடுக்கும் வேலை வந்தது. டவுனிலிருந்து டாக்டர் மத்தியானம் வீடியோவில் நோயாளிகளைப் பார்ப்பார். படம் அறுந்து அறுந்து வரக்கூடாது. அதற்காக மெர்சி டிரைவரில் ஒரு மாற்றம் எழுதினாள். எட்ட இருக்கும் கம்பத்துக்கும் சிக்னல் விடாமல் போனது. எங்களுடையது ஓப்பன் சோர்ஸ் என்பதால் அந்த மாற்றத்தை உலகம் முழுக்க அந்த டிரைவரைப் பராமரிக்கிறவர்களுக்கு மெயில் குழுவில் அனுப்பினாள். அவர்கள் பார்த்து, கேள்வி கேட்டு, அவள் பெயரோடு ஏற்றுக்கொண்டார்கள். ஜெகநாதன் சார் அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். வருஷக் கடைசியில் டிரைவர் பிரிவை அவள் கையில் கொடுப்பதாகவும் சொன்னார். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை, டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வேலைக்கு நாற்பது ரவுட்டர் வந்தது. நாலு அட்டைப் பெட்டி, பெட்டிக்குப் பத்து. நான் முதல் பெட்டியில் ஒன்றைத் திறந்தேன். சிப் சரி, மெமரி சரி, தகடு இருந்தது. கீழே சரக்கை ஏற்றிப் போக வண்டி நின்றுகொண்டிருந்தது, வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். மூடியை நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். போன தடவை அப்படி உடைந்ததற்கு, வேலுசாமி கை பட்டால் ரவுட்டருக்குப் பல் போய்விடும் என்று ஸ்டோர்ஸில் கேலி பேசியிருந்தார்கள். இதே ரவுட்டரைத்தானே ஏழு மாதமாகக் கொன்று எழுப்பிக்கொண்டிருக்கிறேன், புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தாளில் முதல் பெட்டிக்கான கட்டத்தில் எழுதியதையே மீதி மூன்று கட்டத்திலும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். வண்டி போய்விட்டது.

மார்ச் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறியதும் தொல்லை தொடங்கியது. மத்தியானம் டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு கம்பத்தில் ரவுட்டர் உறைந்து நின்றுவிடும். யாராவது போய் அணைத்துப் போட வேண்டும். எல்லாக் கம்பத்திலும் இல்லை, சிலதில் மட்டும். ஆபீசில் எல்லார் கண்ணும் மெர்சி பக்கம் திரும்பியது. புதிதாகச் சேர்த்தது அவள் எழுதியதுதானே. சாருடைய மரியாதையும் ஏற ஆரம்பித்தது. "என்னாச்சுங்க அம்மணி, கண்டுபிடிச்சுட்டீங்களாங்க?" என்று தினமும் வந்து கேட்டார்.

அவள் ஒருநாள் மத்தியானம் என் அறைக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்.

"ஏனுங்ணா, பெட்டி எல்லாம் ஒண்ணுதானுங்களா? உள்ள எதும் வித்தியாசம் இருக்குமுங்களா?"

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. நாந்தானே தெறந்து பாத்தேன்."

யோசிக்காமல் வாயில் வந்தது. சொல்லும்போது எனக்கே அது உண்மை போலத்தான் இருந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய், அன்றிலிருந்து மூன்று வாரம் தான் எழுதியதிலேயே தப்பைத் தேடினாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இல்லாத தப்பை எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

அந்த மூன்றாவது வாரத்தில், அடிக்கடி உறையும் ஒரு ரவுட்டரைக் கழற்றி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கம்பத்தின்மேல் இருந்து இறக்கி, பக்கத்தில் பால் சொசைட்டிப் படியில் உட்கார்ந்து மூடியை நெம்பினேன். உள்ளே தகடு இல்லை. மொட்டைச் சிப். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஒரே ஒரு எண் மட்டும் மாறியிருந்தது. வெயிலில் மூடிக் கிடக்கும் பெட்டிக்குள், மெர்சி எழுதியது சிப்பைக் கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்கும். தகடு இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் சூடேறி உறைந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

போனைக் கையில் எடுத்தேன். அவள் எண் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. முதலில் சரிசெய்துவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். பயம் என்று சொல்வதுதான் நியாயம். அந்தக் கையெழுத்துப் போனால் எனக்கு அந்த ஆபீசில் என்ன மிச்சம் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன மிச்சம் என்று நினைக்கவில்லை.

கணபதியில் தகடு வெட்டித் தர ஆளா இல்லை. திறக்காத மூன்று பெட்டிக்கும் சேர்த்துச் சின்னச் சின்னதாக முப்பது வெட்டி வாங்கினேன். கம்பங்களைத் துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் நாலைந்து ரவுட்டரை இறக்கி, பசை தடவித் தகடு ஒட்டி மேலே ஏற்றினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆபீசுக்கு வந்தபோது, மெர்சி தன் மாற்றத்தை எல்லா ரவுட்டரிலிருந்தும் எடுத்துவிட்டிருந்தாள். அதோடு நிற்கவில்லை. மெயில் குழுவுக்கும் எழுதிவிட்டாள். இந்த மாற்றம் ரவுட்டர்களை உறைய வைக்கிறது, காரணம் எனக்குத் தெரியவில்லை, தவறு என்னுடையது, இதை நீக்கிவிடுங்கள் என்று எழுதி, கீழே முழுப் பெயர்.

ஏழாம் நாளோடு முப்பது ரவுட்டருக்கும் தகடு ஒட்டி முடித்தேன். ஒரு ரவுட்டர்கூட அதற்குப்பிறகு உறையவில்லை. அவள் எடுத்ததால்தான் சரியாயிற்று என்று ஆபீஸ் முழுக்க முடிவுகட்டிவிட்டது. என் ரிப்பேரே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

சார் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "தப்ப ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணுமுங்க அம்மணி. உங்களுக்கு அது இருக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க கஸ்டமர் போன் பாத்துக்குங்க." மூன்று வாக்கியத்துக்கு மூன்று "ங்க". நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வரும்போது சொல்லலாம் என்று வாயைக்கூடத் திறந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூடிக்கொண்டேன்.

சுவரில் இருந்த அந்தக் காகிதத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். அவள் போன் பார்த்தாள். மத்தியானம் என் அறைக்கு வந்து எப்போதும்போலச் சாப்பிட்டாள், ஆனால் பேச்சுக் குறைந்துவிட்டது. வேலைப் பளு என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டுப் போனாள். போகும்போது என்னிடம் "வாரேனுங்ணா" என்றாள். அதற்குப்பின் பத்து வருஷம் அந்த அறையில் தனியாகச் சாப்பிட்டேன். சாரிடமாவது சொல்லலாம் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது.

போன மாதம் அந்தக் குறிப்பை எழுதும்போது, ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலிருந்தும் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற வரியில் கை நின்றுவிட்டது. எப்படியோ எழுதி முடித்து அனுப்பிவிட்டு, மெயில் குழுவின் பழைய பக்கங்களைத் தேடினேன். அங்கே எதுவும் அழியாது. தவறு என்னுடையது, மெர்சி என்று அப்படியே இருக்கிறது. அன்று மத்தியானமே அவள் பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். மாற்றியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு கட்டம், ஒரு பெட்டி, பால் சொசைட்டிப் படி, தகடு. கேட்டு முடித்துவிட்டு, "தெரியுமுங்ணா" என்றாள்.

ஒவ்வொரு கம்பமும் எப்போது அணைந்து எப்போது எழுந்தது என்ற பதிவு அவள் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. மாற்றத்தை எடுத்து, மெயிலும் எழுதிய பிறகுதான் அதை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான் போன நாட்களில் நாலைந்து ரவுட்டர் நாற்பது நாற்பது நிமிஷம் அணைந்து கிடந்ததும், அவள் எழுதியது இன்னும் உள்ளே இருக்கும்போதே அந்த ரவுட்டர்கள் உறைவது நின்றுபோனதும் அதில் வரிசையாக இருந்ததாம்.

"அப்பறம் ஏன் கண்ணு நீ சொல்லல?"

"யாரு நம்புவாங்கண்ணா? ஊருப் பேரச் சொன்னாலே எந்தத் தெருன்னு கேக்கற ஆபீசு அது. தப்பிச்சுக்கறதுக்குப் பெரியவர மாட்டி உடறான்னு சொல்லியிருப்பாங்க. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசம் இருந்து பாத்தேன். தெனமும் எதுக்கால ஒக்காந்துதானே சாப்புட்டேன். சொல்லியிருந்தீங்கன்னா நான் போயிருக்கவே மாட்டேன்."

அவளே தொடர்ந்தாள். பிறகு வேலை கேட்டுப்போன இரண்டு இடத்தில் அந்த மெயிலைத் திரையில் காட்டி இது நீங்கள்தானா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொன்னாளாம். டிரைவர் எழுதும் வேலை அதற்குப்பிறகு கிடைக்கவில்லை. இப்போது பெங்களூரில் மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள்.

அந்த மெயிலுக்குக் கீழே உண்மையை எழுதிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. என்னயக் கேட்டுட்டு எழுத என்ன இருக்குது? அது அன்னிக்கே உங்க வேல." என்றாள். பிறகு "ஒரு மீட்டிங் இருக்குதுங்ணா, வெச்சரட்டுங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு இங்கிலீஷ் தடவல்தான். ஆறு வரி எழுத முழு நாள் ஆனது. இந்த மாற்றத்தில் தவறு இல்லை, ரவுட்டர்களைத் திறந்து பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான், தகடு ஒட்டிச் சரிசெய்துவிட்டு அதை மறைத்தவனும் நான், இது தெரிந்தும் மெர்சி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எழுதி, என் முழுப் பெயரைப் போட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் டிரைவரைப் பராமரிக்கும் யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார். தெரிவித்ததற்கு நன்றி, அந்தச் சிப்பை இப்போது யாரும் வாங்குவதில்லை, அந்தப் பகுதியையே நீக்கிவிட்டோம், அதனால் மெர்சி எழுதியதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை, வருந்துகிறோம் என்று நல்ல முறையில்தான் எழுதியிருந்தார்.

நான் அனுப்பியதன் நகலை மெர்சிக்கும் அனுப்பியிருக்கிறேன். அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காலையில் பால் வாங்கி வைத்ததும் மெயிலைத் திறந்து பார்க்கிறேன், மத்தியானம் சாப்பிட்டதும் ஒருமுறை பார்க்கிறேன். இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. அவள் எனக்காகக் காத்திருந்தது இரண்டு மாதம்.